நிலவுக்கு வழி கண்டோம். ஊருக்குப் போக வழி எங்கே?



ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாராவி 90 அடி ரோட்டில் எந்த டீக்கடை வாசலில் வேண்டுமானாலும் கால் மணி நேரம் நின்று பாருங்கள். முன்பெல்லாம் அங்கே நம்மவர் பேச்சு கூலியில் தொடங்கி, வாடகையில் ஏறி, ஊர்க் கொடையில் போய் முடியும். நடுவில் கொஞ்சம் அரசியல், கொஞ்சம் சினிமா. இன்று அந்தப் பேச்சில் விஞ்ஞானமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்மையில் நம் காதில் விழுந்த பேச்சையே சொல்கிறோம்.

"அண்ணாச்சி, புஸ்தகம் மாதிரி மடிக்கிற செல்போன் பாத்தீயளா? ஒண்ணரை லட்சத்துக்கு விக்காம்!" என்றார் தோல் பட்டறையில் பை தைக்கும் இளைஞர்.

"மடிச்சா என்ன, நிமித்துனா என்ன? மாசக் கடைசியில ரீசார்ஜ் போட காசு இருக்கணும்லா" என்றார் இட்லி வியாபாரம் செய்யும் பெரியவர்.

பேச்சு அங்கிருந்து நிலவுக்குப் போயிற்று. நிலவிலிருந்து, கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் செயற்கை அறிவு இயந்திரத்துக்கு வந்தது. 2022 நவம்பர் கடைசியில் முதல்முதலாகப் பொதுமக்கள் கைக்கு வந்த அந்த வகை இயந்திரம் இன்று நம் சாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் போனிலும் இருக்கிறது. ஒரு தம்பி உடனே சோதித்துக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை மும்பையிலிருந்து தூத்துக்குடிக்கு வண்டி உண்டா?" என்று கேட்டார். வண்டி எண், புறப்படும் நேரம், சேரும் நேரம் எல்லாவற்றையும் இயந்திரம் மளமளவென்று எழுதிக் கொடுத்தது. எல்லோரும் வாய் பிளந்தார்கள்.

இதை எழுதுகிறவன் ரயில்வே எழுத்தர். அது சொன்ன எண்ணில் அப்படியொரு வண்டி கிடையாது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு எழுதுவது அந்த இயந்திரத்தின் வேலை. அது டைம்டேபிளைப் புரட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. டைம்டேபிள் போலத் தெரியும்படி எழுதிக் கொடுத்தது. இதைச் சொன்னதும் பெரியவர், "அப்போ இது சாமி மாதிரி பேசுது, டிக்கெட் புரோக்கர் மாதிரி புளுகுது!" என்றார். கடை முழுவதும் சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இங்கே செருப்புத் தைக்கும் தோழர் அவர். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் ஏன் போனார் என்பது அங்கிருந்தவர்களில் சிலருக்குத்தான் தெரியும். அவருடைய சம்மதத்துடன் அதை இங்கே எழுதுகிறோம்.

ஒரு தாயின் மரணம்

சென்ற பங்குனியில் ஒரு நாள் மாலை அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே புறப்பட்டு வா என்று. மறுநாள் விடியுமுன் தோழர் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் போய் வரிசையில் நின்றார். அக்காள் மகன் வீட்டில் செல்போனோடு உட்கார்ந்தான். குளிர்சாதனமில்லாத வகுப்புகளுக்குத் தட்கல் திறப்பது காலை 11 மணிக்கு. 11 அடித்ததும் பையன் பெயர், வயது, வண்டி எல்லாம் சரியாகப் போட்டான். பணம் கட்டும் இடத்தில் வங்கியிலிருந்து வரவேண்டிய ஓ.டி.பி. வரவில்லை. திரையில் சக்கரம் சுற்றியது. ஓ.டி.பி. வந்து சேர்ந்தபோது படுக்கைகள் தீர்ந்து போயிருந்தன.

கவுண்டரில் தோழருக்கு முன்னால் நான்கு பேர். மூன்றாவது ஆளின் படிவத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே காத்திருப்போர் பட்டியல் என்று திரை காட்டிவிட்டது. கடிகாரத்தில் 11 மணி 6 நிமிடம். வெளியே ஒரு புரோக்கர், "இரண்டாயிரம் கூடக் கொடு, நாளைக்கே அனுப்புகிறேன்" என்றார். தோழரிடம் இரண்டாயிரம் இல்லை.

அன்று மாலை கிடைத்த வண்டியில், பொதுப் பெட்டியில், கழிவறைக் கதவோரம் நின்றபடி புறப்பட்டார். மறுநாள் நண்பகலில், வண்டி பாதி வழி வருமுன், தாயார் போய்விட்டார் என்ற செய்தி வந்தது. கோடைக்காலம். ஊரார் பொழுது சாயும்வரை பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு தம்பி போனை உயர்த்திப் பிடித்துத் தாயின் முகத்தை அண்ணனுக்குக் காட்டினார். ஓடும் ரயிலில் அவரும், தாராவியில் அவர் மனைவி மக்களும் அந்தச் சின்னக் கண்ணாடியில் கடைசி முகத்தைப் பார்த்தார்கள். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தார். தோழர் ஊர் போய்ச் சேர்ந்தது அதற்கு அடுத்த நாள் காலையில்.

எந்த நிலையத்தின் மீதும், எந்த ஊழியர் மீதும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. கவுண்டரில் இருந்த ஊழியர் தன் விரல் ஓடிய வேகத்தில் வேலை செய்தார். ஆனால் ஒரு கேள்வி மட்டும் நெஞ்சை அறுக்கிறது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தாயின் முகத்தைக் கொண்டுவந்து காட்டும் விஞ்ஞானம், மகனைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஏன் உதவவில்லை?

நம்மவர் செய்த சாதனை

விஞ்ஞானத்தைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நமக்கு அதில் பெருமையுண்டு, பங்குமுண்டு.

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே மெதுவாக இறங்கியது. நிலவில் மெதுவாகத் தரையிறங்கிய நான்காவது நாடு இந்தியா. அந்தப் பகுதியில் இறங்கிய முதல் நாடும் இந்தியாதான். திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வேயில் தொழில்நுட்ப ஊழியராக வேலை பார்த்தவரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து மேலே போனவர். 2008இல் போன சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக் கிராமத்தவர். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, நம் செங்கோட்டைப் பெண். நிலவில் இறங்கும் கலத்தையும் அதில் ஓடும் வண்டியையும் இங்கே தரையில் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. அந்த மண்ணுக்குரிய பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைத்தது.

ரயில்வே தொழிலாளியின் மகன் நிலவுக்குக் கலம் அனுப்பினான் என்றால், அவனுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, பாலிடெக்னிக் இருந்தது, சம்பளம் தவறாமல் வந்த ஒரு தகப்பன் இருந்தார் என்று பொருள். கதவு திறந்திருந்தால் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை எங்கேயும் போவான். கதவு யாருக்குத் திறக்கிறது, யார் முகத்தில் அடிக்கிறது என்பதைத்தான் நாம் ஒவ்வொரு புதுக் கருவியிடமும் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த கதை

டிக்கெட்டில் கம்ப்யூட்டர் நுழைந்த கதையை நம் அலுவலக மூத்தவர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். அதற்கு முன் முன்பதிவு என்றால் பெரிய பேரேடு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு பேரேடு. அந்தப் பேரேடு இருக்கும் ஜன்னலில்தான் அந்த வண்டிக்கு டிக்கெட். தவறான வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவன் மறுபடி வேறு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஊரிலிருந்து திரும்பிவர இடம் வேண்டுமென்றால் இங்கிருந்து தந்தி அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

1985–86இல் டில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கிப் பிறகு பெரிய நகரங்களுக்குப் பரவியது. 1999இல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன்பின் எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் எடுக்கலாம். போகவும் வரவும் ஒரே இடத்தில் எடுக்கலாம். இங்கே பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய விடுதலை.

கம்ப்யூட்டர் வேலையைப் பறிக்கும் என்ற அச்சம் அப்போது தொழிலாளரிடையே இருந்தது. 1960களின் பிற்பாதியில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டு ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்துப் போராடியது தொழிற்சங்க வரலாறு. அந்த அச்சத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி இன்றும் சரியானதே: இயந்திரத்தால் வரும் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். எழுதத் தெரியாதவருக்கு வரிசையில் நிற்கிற ஒருவர் படிவம் நிரப்பிக் கொடுத்தார். உழைப்பாளிக்கு அந்தக் கம்ப்யூட்டர் பயன்பட்டதற்குக் காரணம் அதுதான்.

2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கியது. இன்று முன்பதிவு டிக்கெட்டுகளில் பத்தில் எட்டுக்கும் மேல் இணையத்தில்தான் விற்கின்றன. அலுவலக வேலையாளுக்கு இது வசதி. நாற்காலியை விட்டு எழாமலே டிக்கெட் எடுக்கிறார். வசதிக்குக் கட்டணமும் உண்டு. கவுண்டரில் இல்லாத ஒரு தொகை, யு.பி.ஐ. மூலம் கட்டினால் சாதாரண வகுப்புக்கு 10 ரூபாய், குளிர்சாதன வகுப்புக்கு 20 ரூபாய், அதன்மேல் வரி.

கெட்டவன் கையிலும் அதே கருவி இருந்தது. மனிதன் விரல் தட்டுமுன் படிவம் முழுவதையும் நிரப்பி அனுப்பும் திருட்டு மென்பொருள்களைப் புரோக்கர்கள் வைத்திருந்தார்கள். தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய வந்த முயற்சிகளில் பாதி இத்தகைய இயந்திரங்களுடையவை என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகமே அறிவித்தது. இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகளை முடக்கியதாகவும் சொன்னது. நம் தோழரின் வரிசையில் நான்கு பேர்தான் நின்றார்கள் என்று நினைத்தோமே! கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை ஆயிரம் பேர் நின்றிருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் மனிதரே அல்ல, எண்ணிப் பாருங்கள்.

2025 ஜூலை முதல் ஆதார் இணைத்தவர்களுக்கே இணையத்தில் தட்கல் என்று விதி வந்தது. ஏஜெண்டுகள் முதல் அரை மணி நேரம் தட்கல் எடுக்கக் கூடாது என்றும் வந்தது. புரோக்கர் ஆட்சியை ஒடுக்கும் எந்த நடவடிக்கையையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒவ்வொரு பூட்டும் திருடனைத் தடுப்பதோடு வீட்டுக்காரனையும் வாசலில் நிறுத்திவிடக் கூடாது. ஆதாரில் உள்ள போன் எண் ஊரில் விட்டுவந்த பழைய சிம். அதற்கு ரீசார்ஜ் செய்து மூன்று ஆண்டாயிற்று. ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். நம் குடும்பங்களில் எத்தனை பேரின் நிலை இது! வீட்டுக்கு ஒரு போன், அதையும் வேலைக்குப் போகும்போது கணவர் எடுத்துப் போய்விட்டால், பகல் 11 மணிக்கு வீட்டிலிருக்கும் தாய்மார் என்ன செய்வார்கள்?

தேய்ந்த விரல்

டிக்கெட் மட்டுமல்ல, அரிசியும் இன்று கருவியின் வழியாகத்தான் வருகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது லட்சக்கணக்கான தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். சோறு போட்ட நகரம் கைவிட்டது. ரேஷன் அட்டையோ ஊரில் இருந்தது. "ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டம் 2019இல் நான்கு மாநிலங்களில் தொடங்கியிருந்தாலும் அதன் தேவை நாட்டுக்கே விளங்கியது அப்போதுதான். தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் இதை நிறைவேற்ற வேண்டும் என்று 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. 2022இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டை இருந்தால், ஊரில் உள்ளவர்கள் தங்கள் பங்கை ஊரிலும், இங்கே உள்ளவர்கள் தங்கள் பங்கை இங்கேயும் வாங்கலாம். நல்ல விஞ்ஞானம் என்றால் இதுதான். நம்மவர் பலர் தங்களுக்கு இந்த உரிமை உண்டென்றே அறியாமல் வெளிக்கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் அந்தக் கடையில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கிறது. அதில் விரல் வைத்து ரேகை ஒத்துப்போனால்தான் அரிசி. நம் சாலில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு சகோதரியின் விரலை அந்த இயந்திரம் ஏற்கவில்லை. சோப்பும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிவிட்டது. சிமெண்ட் குழைக்கிறவர், தோல் பதனிடுகிறவர் கையும் இப்படித்தான். உழைத்ததற்கான அத்தாட்சியை ஆள் இல்லை என்பதற்கான அத்தாட்சியாக இயந்திரம் படிக்கிறது!

சட்டம் அந்தச் சகோதரியின் பக்கம் இருக்கிறது. ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக உரியவருக்கு ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், அடையாளச் சோதனை தோற்றதால் தகுதியானவருக்கு உதவி நின்றுவிடக் கூடாது என்று வலியுறுத்தியது. இதைத் தெரிந்துகொண்டு, நம் சங்கத் தோழர்கள் இருவர் கூடப் போய் நின்றதும் வேறு வழியில் சரிபார்த்து அரிசி கொடுத்தார்கள். தனியாகப் போனபோது கிடைக்காதது இருவர் கூடப் போனபோது கிடைத்தது. இடையில் இயந்திரம் மாறவில்லை, நாம்தான் மாறினோம்.

ஒரே தொழிற்சாலை, இரண்டு வண்டி

கருவி தானாக வழி தேர்ந்தெடுப்பதில்லை என்பதற்கு நம் கண்முன் ஒரு சான்று இருக்கிறது. 2019 பிப்ரவரியில் முதல் வந்தே பாரத் ஓடியது. அதைச் செய்தது நம் சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. பார்த்தால் நெஞ்சு நிமிரும். ஆனால் அதன் எல்லாப் பெட்டிகளும் குளிர்சாதனப் பெட்டிகள். பொதுப் பெட்டி ஒன்றுகூட இல்லை. அதே பெரம்பூர்த் தொழிற்சாலையின் கைவண்ணத்தில் 2023 டிசம்பர் 30 அன்று அம்ரித் பாரத் என்ற இன்னொரு வண்டி புறப்பட்டது. இருபுறமும் என்ஜின், புதுவகை இணைப்பு, வேகம் எல்லாம் உண்டு. பெட்டிகளோ சாதாரணப் படுக்கை வகுப்பும் பொதுப் பெட்டியும்தான். முதல் இரண்டு வண்டிகளில் ஒன்று மால்டாவிலிருந்து பெங்களூருக்கு ஓடியது. வங்காளத் தொழிலாளர்கள் பிழைப்புக்குப் போகும் பாதை அது.

அதே தொழிலாளர் கை, அதே இரும்பு, அதே அறிவு. முதலில் யாருக்கு வண்டி விடுவது என்பதை முடிவு செய்வது பொறியியல் அல்ல, அரசியல். ஆகவே நாம் பேச வேண்டியதும் அரசியல்தான்.

நாம் கேட்பது

ஒன்று: முன்பதிவுக் கவுண்டர்களை மூடக் கூடாது, தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அருகே அவற்றை அதிகப்படுத்த வேண்டும். சாதாரணப் படுக்கை வகுப்புத் தட்கலில் ஒரு பங்கைக் கவுண்டருக்கென்றே ஒதுக்க வேண்டும்.

இரண்டு: நெருங்கிய உறவினரின் மரணம், உயிருக்கு ஆபத்தான நோய் ஆகியவற்றுக்கென ஒவ்வொரு நெடுந்தூர வண்டியிலும் சில படுக்கைகள் வேண்டும். பெரிய மனிதர் கடிதம் இல்லாமல், ஆஸ்பத்திரிச் சீட்டையோ ஊராட்சிச் சான்றையோ போனில் காட்டினாலே கவுண்டரில் கிடைக்க வேண்டும். நிலவில் கலத்தை இறக்கிய நாட்டுக்கு இது முடியாத காரியமல்ல.

மூன்று: மும்பையிலிருந்து தென் தமிழகத்துக்குக் குளிர்சாதனமில்லாத வண்டிகளும், ஓடும் வண்டிகளில் பொதுப் பெட்டிகளும் கூடுதலாக வேண்டும்.

நான்கு: ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி என்ன என்பதை ஒவ்வொரு ரேஷன் கடையிலும் மக்கள் மொழியில் எழுதி மாட்ட வேண்டும்.

இவை தமிழர் கோரிக்கைகள் மட்டுமல்ல. கொங்கணத்து மராத்தியத் தோழரும், பீகாரிலிருந்து வந்தவரும், தெலங்கானாக்காரரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். கையெழுத்து இயக்கத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

நாம் செய்ய வேண்டியது

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது போராட்டமல்ல. இம்மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 7 மணிவரை நம் சங்க அறையில் ஒரு மேஜை போடுகிறோம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அங்கே உட்காருவார்கள். போனை எடுத்துக்கொண்டு வாருங்கள். தாய்மார்கள் கட்டாயம் வாருங்கள்.

டிக்கெட் கணக்கு அவரவர் பெயரில் அவரவரே தொடங்க வேண்டும்; பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பார்கள், உங்களுக்காக எடுத்துத் தர மாட்டார்கள். சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்துப் பிறருக்கு விற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி குற்றம், சிறைவரை போகும். உதவி செய்யப் போய் நம் பிள்ளை மாட்டக் கூடாது. ஆதாரில் உள்ள போன் எண் உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். மரணச் செய்தி வந்த இரவில் மாற்ற முடியாது. குடும்பத்தார் பெயர், வயதை முன்கூட்டியே பட்டியலில் போட்டு வையுங்கள். 11 மணிக்குத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். காத்திருப்போர் பட்டியலில் உள்ள இணைய டிக்கெட், சார்ட் தயாரானதும் தானாக ரத்தாகிவிடும். அதை நம்பி ஏறினால் டிக்கெட் இல்லாதவர் என்று அபராதம் வரும். ஐயம் இருந்தால் 139க்குப் பேசுங்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பதில் எழுதும் அந்த இயந்திரத்திடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அது சொல்லும் வண்டி உண்மையில் ஓடுகிறதா என்று ஒரு முறை விசாரித்துவிட்டு அப்புறம் பெட்டி கட்டுங்கள். வண்டிக்குச் சொன்னது வாழ்க்கையில் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

தோழர்களே! நம் பாட்டன்மார் தோல் பதனிட இந்தச் சேற்று நிலத்துக்கு வந்தபோது ஊர்ச் செய்தி கடிதமாக வந்தது. தகப்பன் இறந்த செய்தி பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் கைக்குக் கிடைத்த காலமும் உண்டு. இன்று செய்தி நொடியில் வருகிறது. ஆள் போய்ச் சேரும் வழியோ இன்னும் புரோக்கர் கையிலும், சுற்றும் சக்கரத்திலும் சிக்கிக் கிடக்கிறது. செய்திக்குக் கிடைத்த வேகம் மனிதருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

டீக்கடையில் விஞ்ஞானம் பேசுங்கள். நிறையப் பேசுங்கள். புதுக் கருவி வந்தது என்று யாராவது சொன்னால், விலை என்ன என்று கேட்பதோடு, அது யாரை வரிசையில் முன்னால் விடுகிறது, யாரைப் பின்னால் தள்ளுகிறது என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சங்க அறைக்கு வாருங்கள். எழுந்து போன அந்தச் செருப்புத் தொழிலாளித் தோழர் சென்ற வாரமே தம் பெயரைக் கொடுத்துவிட்டார். மேஜை அருகே முதல் நாற்காலி அவருக்குத்தான். அடுத்தது உங்களுக்கு.